மேல் அயனம்பாக்கத்தில் தொடங்கிய ஆட்டம்: யாருக்கு எவ்வளவு பங்கு?



2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று குகேஷ் வென்ற நாளிலிருந்து, நம் அம்பத்தூர் பக்கத்தில் ஒரு கேள்வி ஓயவில்லை. பையன் மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில் படித்தவன் ஆயிற்றே! பெருமை பள்ளிக்கா, பயிற்சியாளருக்கா, பெற்றோருக்கா? வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியது. அம்மாவிடம் காய் நகர்த்தக் கற்ற ஆனந்த் அங்கே ஆடி வளர்ந்து, 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருக்குச் சொல்லிக்கொடுக்க அன்று இந்தியாவில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை. கழகம் தந்தது பாடமல்ல, எதிரே உட்கார ஆள்.

குகேஷுக்கு நிலைமை வேறு. 2013இல், ஏழு வயதில், பள்ளியில் ஆட்டம் கற்றான். ஆரம்பத்தில் அவன் திறமையைக் கண்டுகொண்டவர் பள்ளிப் பயிற்சியாளர் பாஸ்கர். 2017இல் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவிடம் போனான். 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 வருடம், 7 மாதம், 17 நாள். உலகச் சாதனை 17 நாளில் தவறியது.

விஷ்ணு செய்ததில் எனக்கு வியப்பானது ஒன்று. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் கணினியை வைத்து ஆட்டத்தை அலசிய காலத்தில், தரப்புள்ளி ஏறக்குறைய 2500 வரும்வரை குகேஷைக் கணினி இன்ஜின் பக்கமே அவர் விடவில்லை. சொந்த மூளையால் கணக்குப் போடட்டும் என்றார். பையன் தேறாமல் போயிருந்தால் பழி முழுக்க அவர் தலையில்தான் விழுந்திருக்கும். பயிற்சியாளரின் பங்கை நான் அளப்பது இப்படித்தான்: எந்தத் தீர்மானத்துக்கு அவர் தனியாகப் பழி ஏற்கத் தயாராக இருந்தார்?

பாடி பிரக்ஞானந்தாவின் குரு ஆர்.பி. ரமேஷ் கதை வேறு மாதிரி. அவரிடம் ஆனவர்கள் ஒருவர் இருவர் அல்ல: அரவிந்த் சிதம்பரம், கார்த்திகேயன் முரளி, 2018இல் பிரக்ஞானந்தா, 2023இல் அவன் அக்கா வைஷாலி. உலகிலேயே முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் இந்த இருவர்தான். 'நல்ல பிள்ளைகள்தானே நல்ல குருவைத் தேடிப் போகிறார்கள்' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பிள்ளை என்றால் அதிர்ஷ்டம் எனலாம், இத்தனை பேர் என்றால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. 2023க்கான துரோணாச்சாரியார் விருது அவருக்குக் கிடைத்தது சரியே.

சிங்கப்பூர் போட்டிக்குக் குகேஷ் பின்னால் ஒரு படையே இருந்தது. தலைமை போலந்தின் கயேவ்ஸ்கி. 2014இல் ஆனந்துக்கு உதவியாளராக இருந்தவர். மனப்பயிற்சிக்குப் பேடி அப்டன். 2011இல் உலகக் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணியோடு இருந்தவர். இத்தனை பேர் இருந்தும், கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு, டிரா என்று எல்லாரும் நினைத்த நிலையில் விடாமல் ஆடியது பையன்தான். 55ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறாக வைத்தார். அந்த நான்கு மணி நேரப் பொறுமையை எந்தக் குருவின் கணக்கில் எழுதுவது?

பெற்றோரை விட்டுவிடக் கூடாது. மகனோடு ஊர் ஊராகப் போக, காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா தொழிலையே நிறுத்திவைத்தார். நான்காம் வகுப்புக்குப் பிறகு பையன் முழுநேரம் பள்ளிக்குப் போகவில்லை. எந்த வாத்தியாருக்கும் இது கசக்கும். பள்ளி சம்மதித்ததே அதன் பெரிய பங்கு என்பேன்.

எனக்கு ஒரு குறை. விருதும் பணமும் கடைசியாகக் கைபிடித்தவரைத் தேடித்தான் போகின்றன. பாஸ்கர் பெயர் நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாடி, கொரட்டூர், ஆவடிப் பக்கம் சதுரங்க வகுப்பு நடத்தும் என் பழைய மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் முதல் காய் நகர்த்திவிட்டுப் பெரிய இடத்துக்குப் போன பிள்ளைகளைப் பற்றிக் கீழே எழுதுங்கள்.