மோசாட்டின் ஒரு சிறு கூட்டுப்பாடல்: கதியும் சுருதியும் மெய்ப்பாடும்

ஐரோப்பிய இசை, ஏட்டில் எழுதப்பட்டுத் தலைமுறைகளைக் கடந்து வருவது. சுரங்களை எழுத்து நன்கு காக்கும். ஆயின் பாடலின் கதியையும் மெய்ப்பாட்டையும் அது அவ்வளவு திட்பமாகக் காப்பதில்லை. பாடுவோரும் பயிற்றுவோரும் காலந்தோறும் அவற்றைத் தாமே உய்த்துணர வேண்டியுள்ளது. மோசாட் இயற்றிய 'அவே வேரும் கோர்ப்புஸ்' என்னும் சிறு கூட்டுப்பாடல் இதற்குத் தக்க சான்றாகும். 46 தாளக்கட்டுகளே கொண்ட இப்பாடலைப் பாடி முடிக்க ஏறக்குறைய மூன்று நிமிடங்களே செல்லும்.

1791ஆம் ஆண்டு மோசாட்டின் வாழ்வின் இறுதியாண்டு. அவர் மனைவி கொன்ஸ்டான்சே கருவுற்றிருந்தார். வியென்னாவுக்குத் தெற்கேயுள்ள பாடன் என்னும் சிற்றூரின் வெந்நீரூற்றுகளை நாடி அங்குத் தங்கியிருந்தார். அவ்வூர்க் கோயிலின் பாடகர் குழுவை நடத்தியவர் அன்டன் ஸ்டோல் என்னும் பள்ளியாசிரியர். கொன்ஸ்டான்சேக்குத் தங்குமிடம் தேடித் தருமாறு மோசாட் கடிதம் எழுதியதும் இவருக்கே. அந்நண்பரின் குழுவினர் பாடுதற்கென யூன் 17ஆம் நாள் இப்பாடல் எழுதப்பட்டது. ஆறு நாள் கழித்து, யூன் 23ஆம் நாள், கத்தோலிக்கரின் நற்கருணைத் திருவிழா வந்தது. இலத்தீன் மொழியிலமைந்த இப்பாடலின் பொருளும் அவ்விழாவுக்கு உரியதே. நால்வகைக் குரல்கள், நரம்பிசைக் கருவிகள், ஓகன் ஆகியவற்றையன்றி வேறெதனையும் மோசாட் வேண்டவில்லை. சிற்றூர்க் குழுவின் ஆற்றலை அவர் நன்கறிந்திருந்தார்.

முதற்கண் சுருதியை நோக்குவோம். பாடல் 'டி மேஜர்' என்னும் நிலையில் அமைந்தது. 'டி' என்னும் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு சங்கராபரணத்தின் சுரங்கள் அமைவதைப் போன்றது அந்நிலை எனலாம். அக்காலத்து எக்காளங்களுக்கு டி மேஜர் இசைவானது. ஆதலின் அது வெற்றிக்கும் விழாவுக்கும் உரியதாகக் கருதப்பட்டது. மோசாட்டே 1782இல் இயற்றிய 'ஹாப்னர்' சிம்பனியிலும் 1786இல் இயற்றிய 'பிராக்' சிம்பனியிலும் இந்நிலையை எக்காளத்தோடும் முரசோடும் ஆண்டுள்ளார். மோசாட் மறைந்த அதே 1791ஆம் ஆண்டில் மறைந்த சூபார்ட் என்னும் செருமானியப் புலவர், ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு மெய்ப்பாடு வகுத்தார். 1806இல் வெளிவந்த அவரது நூலிலும் டி மேஜர் வெற்றி ஆரவாரத்துக்கே உரியது.

அங்ஙனமாயின், அந்நிலையில் அமைந்த இப்பாடல் அடங்கிய வழிபாடாக ஒலிப்பது எவ்வாறு? இதற்கு விடை ஏட்டிலேயே உள்ளது. எக்காளமும் முரசும் இங்கு இல்லை. தொடக்கத்தில் 'சோட்டோ வோச்சே', அதாவது தாழ்ந்த குரலில் பாடுக, என்னும் குறிப்பு உள்ளது. விலா ஊடுருவப்பட்டதைக் கூறுமிடத்தில் இசை, தொலைவிலுள்ள எப் மேஜருக்கு எதிர்பாராது திரும்புகின்றது. பின்னர் டி மைனரின் துயரைத் தொட்டுத் தொடங்கிய நிலைக்கே மீள்கின்றது. சுருதி ஒன்றே மெய்ப்பாட்டைத் தருமென்ற கொள்கை இங்கு நிலைபெறாமை காண்க. மேலும், அக்காலத்தில் சுருதியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 'ஏ' என்னும் சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வுகள் என நாடுகள் பல உடன்பட்டது 1939ஆம் ஆண்டிலேயே.

இனிக் கதியை நோக்குவோம். மோசாட் எழுதிய சொல் 'அடாஜியோ', அதாவது மெல்ல, என்பது. ஆயின் அதனருகே இட்ட தாளக்குறி, ஒவ்வொரு கட்டையும் நான்காக எண்ணாது இரண்டாக எண்ணுமாறு பணிக்கின்றது. முன்னது தாமதிக்கச் சொல்ல, பின்னது தேங்காதே என்கின்றது. மெல்செல் தாளமானிக்கு உரிமை பெற்றது 1815ஆம் ஆண்டில். ஆதலின் மோசாட்டின் ஏட்டில் எண்ணளவு இருத்தற்கு வழியில்லை. ஆயினும் அவர் தந்தை லியோபோல்ட் மோசாட், 1756இல் வெளியிட்ட வயலின் நூலில் ஒரு வழி காட்டியுள்ளார். ஒவ்வோர் இசையிலும் அதன் உரிய கதியைத் தானே காட்டும் ஓர் இடமாவது உண்டு என்பது அவர் கருத்து. இப்பாடலில் அவ்விடம் இறுதியடி எனக் கொள்ளலாம். மரணத்தைக் குறிக்கும் சொல் அங்கு நெடிதாக நீள்கின்றது. கதி மிகத் தளர்ந்தால் பாடுவோர் மூச்சு முறியும். விரைந்தால் பொருளின் கனம் குன்றும். மனித மூச்சே இங்கு அளவுகோலாகின்றது.

பிற்காலத்தார் இப்பாடலைத் தத்தம் உள்ளத்துக்கேற்ப மாற்றினர். லிஸ்ட் இதனைத் தம் பியானோ இசையொன்றில் எடுத்தாண்டார். அவ்வடிவத்தைத் தழுவி சைகொவ்ஸ்கி, 1887இல் தம் 'மொசார்டியானா'வின் மூன்றாம் பகுதியை அமைத்தார். அங்குப் பாடகரும் சொற்களும் இல்லை. பெரிய வாத்தியக்குழுவே உண்டு. சுருதிநிலையும் 'பி பிளாற் மேஜர்' ஆயிற்று. அது அழகுடையதே. ஆயினும் பாடன் ஊர்க் கோயிலின் தாழ்ந்த குரல் அங்குக் கேட்பதில்லை.

அவ்வாண்டு திசம்பர் 5ஆம் நாள் மோசாட் மறைந்தார். அதனை எண்ணி இப்பாடலை இரங்கற் பாவென இழுத்துப் பாடுவோர் உளர். அஃது அவர் இறப்பை அறிந்த நமது துயரமேயன்றி, யூன் மாதத்து ஏட்டில் உள்ள குறிப்பன்று. ஆசிரிய நண்பர் ஒருவருக்காக, விழாநாளுக்காக, எளிய பாடகர் மூச்சுக்காக எழுதப்பட்டது இது என்பதை உணர்ந்து பாடுமிடத்து, அதன் கதியும் சுருதியும் மெய்ப்பாடும் ஒன்றையொன்று விளக்கி நிற்கும்.