மணல் நிலமும் குடிசை மனையும்: செங்கல்பட்டுக் கடலோரத்தின் நில வரலாறு



சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கம், திருப்போரூர், மாமல்லபுரம் என்று நீளும் கடலோரத்தைப் பற்றி இரண்டு கதைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று பல்லவர் கதை. மற்றது கணினிக் கம்பெனிகளின் கதை: இங்கே வெறும் பொட்டல் கிடந்தது, சாலை வந்தது, வளர்ச்சி வந்தது. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இங்கே ஆளே இல்லாததுபோலப் பேசுகிறார்கள். நான் பேச வந்தது அந்த நடுப்பகுதியில் ஒரு துண்டைத்தான்.

இது பொட்டலாக இருந்ததில்லை. ஏரிப் பாசனத்தில் நெல், மேட்டில் கேழ்வரகும் வேர்க்கடலையும், கடலை ஒட்டிய மணலில் சவுக்கு, கழிமுகத்தை ஒட்டி உப்பளம். பட்டணத்து அடுப்புக்கு விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் போனது. அந்தக் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் யார் என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பிரபுவின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நிலம் யாருடையது? செங்கல்பட்டில் மிராசு முறை. கிராமத்தின் விளைநிலம், தரிசு, நத்தம் எல்லாவற்றின் மீதும் மிராசுதார்கள் பங்குரிமை கொண்டாடினார்கள். சேரிக்காரர் ஒருவர் தரிசு கேட்டு தர்க்காஸ்து கொடுத்தால், முதலில் மிராசுதாரிடம் ‘உமக்கு வேண்டுமா’ என்று கேட்பார்கள். அவர் வேண்டும் என்றால் மனு முடிந்தது. பிறகு அவர் அதில் ஏர் ஓட்டுவாரா மாட்டாரா என்பதை யாரும் கேட்பதில்லை.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்ற அங்கீகாரம் இல்லை என்றது. அரை நூற்றாண்டு கழிந்தும் படியாள் படியாளாகவே இருந்தார். ஏன் என்பதற்கு விடை தேடியவர்களில் ஒருவர்தான் 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர். நம் கூட்டங்களில் அவரை ஒரு இரட்சகரைப் போலப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் பேனாவை எடுப்பதற்கு முன்பே சேரி மக்கள் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிரிமார்களிடம் போய் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் அரசுக்குக் கொண்டுபோனது அந்த முறையீடுகளைத்தான். ஆனாலும் திரமென்ஹீரின் அறிக்கையில் நாம் போதுமான அளவு கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அது குடிசை மனை.

படியாளின் குடிசை நிற்கும் இடம் மிராசுதாருடையது என்று கொள்ளப்பட்டது. கூலியை உயர்த்திக் கேட்டால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். வேறு ஆளிடம் வேலைக்குப் போனாலும் அதேதான். சங்கிலி தேவைப்படவில்லை, சவுக்கும் தேவைப்படவில்லை. அவர் கூரை போட்டிருந்த இரண்டு சென்ட் மண்ணே போதுமானதாக இருந்தது. மனையைச் சேரிக்குச் சொந்தமாக்க வேண்டும் என்பதும் திரமென்ஹீரின் கோரிக்கைகளில் ஒன்று. வருவாய் வாரியத்துக்கு அது கசந்தது. மிராசுதாரின் சொத்தில் கை வைக்க அரசு தயாராக இல்லை.

1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் ஆணையின் வழி வந்தது தரிசு நிலம். அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். மாகாணம் முழுதும் 12 இலட்சம் ஏக்கர் என்பது நாம் மேடைகளில் சொல்லும் கணக்கு. ஏக்கர் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, எந்த ஏக்கர் என்பது. மதகுத் தண்ணீர் பாயும் நஞ்சை ஏற்கெனவே பட்டாதாரர் கையில். தரிசாக மிஞ்சியது மேடு, மணல், உவர். உழவு மாடும் விதையும் வாங்கக் கடன் கொடுப்பவர் யார்? அதே ஊர்த்தெரு. ஒரு மரக்கால் நெல்லுக்காகக் கைநாட்டு வைக்கப்பட்ட பத்திரத்தில் நிபந்தனை என்ற சொல்லே இருக்காது.

அடுத்த ஆண்டு, 1893இல், இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்குகிறார். நிலமும் எழுத்தும் ஒரே காலத்தில் கேட்கப்பட்டன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

நூறு ஆண்டுகள் கழித்து அந்த மணலுக்கு விலை வந்தது. விலை வந்ததும் நிபந்தனையும் நினைவுக்கு வந்தது, நமக்கும் அவர்களுக்கும். காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். அங்கே வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையும் சிறுசேரி தொழில்நுட்பப் பூங்காவும் அதற்குப் பின்னால் வந்தவை. வரிசையை மாற்றிச் சொல்லக்கூடாது: வளர்ச்சி வந்த பிறகு நிலம் கேட்டவர்கள் அல்ல நாம்.

துப்பாக்கியைவிடச் சத்தமில்லாமல் வேலை செய்தது பதிவேடு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய ‘அ’ பதிவேட்டின் நிபந்தனைக் குறிப்புகள் பல இடங்களில் புதிய பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை என்பது மீட்புப் போராட்டத்தில் இருப்பவர்கள் தொடர்ந்து வைக்கும் குற்றச்சாட்டு. தரிசு பட்டாவாகும், பட்டா கிரயமாகும், கிரயம் மனைப்பிரிவாகும்; பத்திரப்பதிவு அலுவலகத்தில் பார்ப்பவருக்கு எல்லாம் சுத்தமாகவே தெரியும். 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. நிலம் மட்டும் இன்னும் கம்பி வேலிக்குள்தான்.

எனவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரின் யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இன்றைய சர்வே எண்ணை மட்டும் எழுதிக் கேட்டால் ‘குறிப்பு இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். பழைய எண், உட்பிரிவு, குறிப்புக் கலம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கிடைத்ததும் சேரியில் வயதானவர்களோடு உட்கார்ந்து, எந்த மேட்டை எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எழுதிக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்காரர்கள் அந்தப் பெயர்களைத்தான் முதலில் மாற்றுகிறார்கள்.