கிழிகாயக் குறியீடு

கிழிகாயக் குறியீடு என்பது, தோலும் அதன் கீழுள்ள மிருதுவான திசுக்களும் கிழிபட்ட காயத்தின் இடம், ஆழம், நீளம், உள்ளே அந்நியப் பொருள் தங்கியமை ஆகியவற்றை மருத்துவர் எழுதிவைக்க, அவ்வெழுத்தினின்றும் ‘கோடர்’ என்போர் குறியீடு வழங்கும் முறையாகும். மழுங்கிய பொருள் மோதிப் பிய்ந்ததே கிழிகாயம், கத்தி பட்டது வெட்டுக்காயம் எனச் சட்ட மருத்துவம் பிரிக்க, அமெரிக்கக் குறியீட்டு நூலோ வெட்டினைத் தேடுவோரையும் கிழிகாயத்துக்கே அனுப்புகிறது. இவ்விஷயத்தில் இருசாராரும் உடன்பட்டாரில்லை.

காயங்களை வகுத்தெழுதிய மிகப் பழைய ஏடுகளுள் ஒன்று, 1862இல் எகிப்தின் லக்ஸரில் எட்வின் ஸ்மித் வாங்கியதும், 1930இல் எகிப்தியல் அறிஞர் பிரெஸ்டெட் மொழிபெயர்த்து வெளியிட்டதுமாகிய பாப்பிரஸ் சுருளாகும். கி.மு. 1600ஐ ஒட்டிய இப்பிரதியின் மூலம் அதனினும் பழையது என்பர். பண்டை எகிப்திய அறிஞர் இம்ஹோடெப் இயற்றியது என்னும் கொள்கைக்குத் திடமான ஆதாரம் இல்லை. தலையில் தொடங்கிக் கீழிறங்கும் 48 நோயாளர் குறிப்புகளில் பெரும்பாலும் பெயர், பரிசோதனை, நிர்ணயம் என்னும் ஒழுங்கு காணப்படுகிறது; ‘நான் சிகிச்சையளிப்பேன்’, ‘போராடுவேன்’, ‘சிகிச்சைக்குரியதன்று’ என்னும் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றும் கூறப்படும். பத்தாவது குறிப்பில், எலும்புவரை சென்ற புருவக் காயத்தை மருத்துவர் விரலால் தடவிப் பார்த்துத் தைக்கிறார். தையல் தளர்ந்தால் பட்டைகளால் இழுத்துக் கட்டி, ஆறும்வரை நாள்தோறும் கொழுப்பும் தேனும் இடுகிறார். 48ஆவது குறிப்பு வாக்கியத்தின் நடுவே நின்றுவிடுகிறது.

காலம் பற்றி அபிப்பிராய பேதமுள்ள பண்டை இந்திய மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை, புதுக்காயங்களைச் சின்னம், பின்னம், வித்தம், க்ஷதம், பிச்சிதம், கிருஷ்டம் என ஆறாக்கிற்று. அவற்றுள் க்ஷதமே கிழிகாயத்தை ஒத்தது என்பர் சிலர்.

1893இல் சிகாகோவில் சர்வதேசப் புள்ளிவிவரக் கழகம் ஏற்ற பிரெஞ்சுப் புள்ளிவிவர அறிஞர் பெர்ட்டியோனின் பட்டியல் மரண காரணங்களையே கருதியதாகலின், ஆறிப்போன காயத்துக்கு அதில் இடமில்லை. அப்பட்டியலுக்கு உலக சுகாதார நிறுவனம் 1948இல் கொணர்ந்த ஆறாம் திருத்தமே உயிர்பிழைத்தோரின் நோய்களையும் காயங்களையும் முழுமையாகத் தழுவிக்கொண்டது.

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் வழங்கும் பத்தாம் திருத்தத்தின்படி, அந்நியப் பொருளற்ற வலப்புருவக் கிழிசலுக்கு முதற்சிகிச்சையில் எஸ்01.111ஏ என்பது குறியீடு. ஆறும் பருவத்தில் இறுதி எழுத்து ‘டி’ ஆகும், தழும்பு முதலிய பின்விளைவுக்கு ‘எஸ்’ ஆகும். தையலுக்கோ, சிகிச்சைமுறைகளுக்கென 1966இல் தோன்றிய வேறொரு குறியீட்டு நூலின்படி, எளியது, இடைநிலை, சிக்கலானது என மூன்று தரமுண்டு. ஒரே தரத்தில் ஒரே அங்கத்தொகுதியில் அமைந்த காயங்களின் நீளங்களைச் சென்டிமீட்டரில் கூட்டி ஒரே குறியீடு இடுவர். மருத்துவர் நீளத்தை எழுதாதவிடத்துக் கோடர் ஊகித்து நிரப்பலாகாது. ஆகவே இம்முறையின் உயிர்நாடி அம்முதற்குறிப்பே என்பது தகும்.

அண்மைக் காலத்தில் சென்னையிலும் பலர் அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்புகளைப் படித்துக் குறியிடும் தொழில் புரிகின்றனர். இதற்கிடையே உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அமெரிக்காவில் இன்னும் பத்தாம் திருத்தமே வழங்குகிறது.