296 கிராம்: ஒரு அசெம்பிளர் கதை

நொய்டா வந்த புதிதில் என் ரூம்மேட் ராத்திரி ஆனால் 'உபன்யாஸ்' படிக்கப் போகிறேன் என்பான். இந்த வயசில் இவ்வளவு பக்தியா என்று ஒரு மாதம் அவனை மரியாதையோடு பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்தியில் உபன்யாஸ் என்றால் நாவலாம். தெரியாத வார்த்தையால் தொந்தரவே இல்லை, 'க்யா?' என்று கேட்டுக்கொள்ளலாம். தெரிந்த மாதிரி இருக்கும் வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும்.

இந்த வியாதி அசெம்பிளர்களுக்கும் உண்டு. அதில் நானும் ஒருமுறை கவிழ்ந்திருக்கிறேன். கொஞ்சம் வரலாற்றோடு சொல்கிறேன்.

சில்லுக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான். 78 என்ற ஹெக்ஸ் எண்ணைக் கொடுத்தால் 'பி'யில் இருப்பதை 'ஏ'வுக்கு நகல் எடுக்கும். எண்ணை யார் மனப்பாடம் செய்வது? அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப்பெயர். அந்தப் பெயரை எண்ணாக மாற்றுகிற குமாஸ்தாதான் அசெம்பிளர். சில்லு செய்தவர் வைத்த பெயரைத்தான் எல்லாரும் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. வம்பே அங்கேதான்.

இன்டெல் 8080 வந்தது 1974-ல். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஃபெடரிகோ ஃபாஜின் அதே வருடம் வெளியே வந்து, ரால்ஃப் உங்கர்மன் என்பவரோடு ஸைலாக் கம்பெனியை ஆரம்பித்தார். 8080-ல் வேலை பார்த்த மசடோஷி ஷிமாவும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1976-ல் இவர்களுடைய இசட்80 வந்தது. 8080-க்கு எழுதிய எண்கள் அதில் அப்படியே ஓடும். ஆனால் பெயர்கள் வேறு! இன்டெல் தன் பெயர்களுக்கு உரிமை கொண்டாடியதால் ஸைலாக் புதுசாகப் பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. 78-க்கு இங்கே 'மூவ் ஏ, பி', அங்கே 'எல்டி ஏ, பி'.

வெறும் பெயர் மாற்றமாக இருந்திருந்தால் பரவாயில்லை. இன்டெல்லில் ஹெச்எல் ஜோடியில் 2000 என்ற எண்ணையே போட 'எல்எக்ஸ்ஐ ஹெச்'. 2000-மாவது இடத்தில் இருப்பதை எடுத்துப் போட 'எல்ஹெச்எல்டி'. வேலை வேறு, பெயரும் வேறு. (காலேஜ் லேபில் 8085 கிட்டில் விரல் தேய்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.) ஸைலாக்கில் இரண்டுக்கும் ஒரே 'எல்டி'. 2000-க்கு அடைப்புக்குறி போட்டால் அந்த இடத்தில் இருப்பது, போடாவிட்டால் அந்த எண்ணே. வீட்டு விலாசத்துக்கும் வீட்டுக்குள் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அடைப்புக்குறியில் தொங்க ஆரம்பித்தது.

1978-ல் 8086 வந்தபோது இன்டெல்லும் ஒரே 'மூவ்' என்று ஆக்கிவிட்டது. ஆனால் அடைப்புக்குறியை நம்பவில்லை. ஒரு பெயரை நீங்கள் எப்படி அறிவித்தீர்கள் என்று அசெம்பிளரே போய்ப் பார்க்கும். மாறி என்று அறிவித்திருந்தால் உள்ளே இருப்பதை எடுக்கும். விலாசம்தான் வேண்டுமென்றால் 'ஆஃப்செட்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். 1981-ல் வந்த மைக்ரோசாஃப்டின் மாஸ்மும் இதே வழி. 1996-ல் சைமன் டாதமும் ஜூலியன் ஹாலும் நாஸ்மை இலவசமாகக் கொண்டுவந்தபோது பழைய அடைப்புக்குறி நியாயத்துக்கே போனார்கள். சதுர அடைப்பு இருந்தால் உள்ளே இருப்பது, இல்லாவிட்டால் விலாசம். இரண்டு நியாயமுமே சரிதான். தப்பு செய்தது நடுவில் நின்ற நான்.

2003. எனக்கு முதல் வேலை. ஒரு தானிய குடோனில் மூட்டை எடை போடும் டாஸ் ப்ரோகிராம். அதில் சின்னதாக ஒரு அசெம்பிளி துண்டு: மொத்த எடையில் சாக்கின் எடையைக் கழிப்பது. லைசென்ஸ் செலவு வேண்டாம், மாஸ்மிலிருந்து நாஸ்முக்கு மாற்று என்றார்கள். முதல் முயற்சியில் ஒரு பக்கம் எர்ரர். 'அஸ்யூம்', 'ப்ராக்', 'ஆஃப்செட்', 'பிடிஆர்' எதுவும் நாஸ்முக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். கடைசியில் எர்ரர் பூஜ்யம். ஐம்பது கிலோ மூட்டையை வைத்தேன், ஐம்பதை ஒட்டி ஏதோ காட்டியது. கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. போனால், குடோன் முன்ஷிஜி ஒன்றும் பேசாமல் ஒரு வெறும் சாக்கை எடை மேடையில் வைத்தார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 296 கிராம். "காலி சாக்குக்குள்ளே என்ன பேட்டா இருக்கு?" என்று இந்தியில் கேட்டார்.

சாக்கின் எடை 580. அதைக் கழிக்கிற வரியில் மாறியின் பெயரை மாஸ்ம் பாணியில் மொட்டையாக விட்டிருந்தேன். நாஸ்ம் அதை விலாசம் என்று எடுத்துக்கொண்டது. மெமரியில் அந்த மாறி இருந்த இடம் 284. 580-க்குப் பதில் 284-ஐக் கழித்துவிட்டது. மிச்சம் 296. மூட்டைக்கு அத்தனை கிராம் வாங்கியவர்களுக்குக் குறைந்திருக்கிறது, எல்லாம் சின்னச் சின்ன மளிகைக்கடைக்காரர்கள். முன்ஷிஜி பில் புத்தகத்தை வைத்து மூட்டைகளை எண்ணி, ஒவ்வொரு கடைக்கும் குறைந்ததை அளந்து அனுப்பினார். நான் சேர்த்த திருத்தம் இரண்டே எழுத்து. ஒரு திறப்பு, ஒரு மூடல்.

எர்ரர் கொடுத்த வரி ஒன்றுகூட யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு அசெம்பிளரும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட வரிதான் ஏமாற்றியது.

யூனிக்ஸ் பக்கம் போனால் கதை இன்னும் மோசம். பிடிபி-11 காலத்துப் பழக்கத்தில் அங்கே எங்கிருந்து என்பது முதலில், எங்கே என்பது அப்புறம். இன்டெல்லுக்கு நேர் தலைகீழ். எண்ணுக்கு முன்னால் டாலர் குறி போட மறந்தால் அதையும் விலாசமாகவே எடுத்துக்கொள்ளும். இதைவிட வேடிக்கை, ஏடி அண்ட் டி வழி வந்த அசெம்பிளரில் தசம எண் கழித்தல் சில இடங்களில் இடம்வலமாகப் பதிவாகும் ஒரு பிழை இருந்தது. ஜிசிசி உட்பட பல ப்ரோகிராம்கள் அதை நம்பியே எழுதப்பட்டதால் க்னூ அசெம்பிளரும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. பிழையே இலக்கணம் ஆகிவிட்டது!

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட முதல் லினக்ஸிலும் இந்த இரண்டு மொழியும் உண்டு. மெஷினைக் கிளப்புகிற 16-பிட் பகுதி இன்டெல் பாணியில் ஏஎஸ்86-க்கு எழுதியது. அடுத்து வரும் 32-பிட் பகுதி க்னூ அசெம்பிளருக்கு எழுதியது. வாசலில் ஒரு பாஷை, கூடத்தில் இன்னொன்று. நம்ம ரூம் மாதிரிதான்.

இன்றைக்கும் டீமில் யாராவது "எர்ரர் எதுவும் இல்ல சார், முடிஞ்சுது" என்று சந்தோஷமாக வந்தால் நான் கேட்பது ஒன்றுதான். "காலி சாக்கு வெச்சுப் பாத்தியா?"

பாவம், முதல் தடவை முழிப்பார்கள். கதையைச் சொன்னதும் திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள்.