ஒரு சிற்றூரின் ரொட்டி அடுப்பு

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், ரைன் ஆற்றுக்குக் கிழக்கே, வெஸ்டர்வால்டு என்னும் மேட்டு நிலம் இருக்கிறது. குளிர்காற்று வீசும் குன்றுகள், வளம் குறைந்த மண், நீண்ட பனிக்காலம் ஆகியவை அதன் இயல்பு. அங்குள்ள சிற்றூர்களுள் ஒன்று வையர்புஷ். தேசப்படத்தில் தேடினாலும் எளிதில் கண்ணில் படாத ஊர். ஆயினும் நம் நாட்டு ஊர்களில் உள்ள கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வேரைத் தேடிச் சென்றால், அந்த ஊரின் ரொட்டி அடுப்புக்கு வந்து சேர்வோம்.

கிழங்கை அழித்த நோய்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வையர்புஷ் மக்களின் உணவு இரண்டே பொருள்களை நம்பியிருந்தது. ஒன்று ரை என்னும் தானியத்தால் செய்த ரொட்டி, மற்றொன்று உருளைக்கிழங்கு. நிலமோ தலைமுறைதோறும் பங்கு பிரிக்கப்பட்டுத் துண்டு துண்டாகியிருந்தது. சிறு நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்க உருளைக்கிழங்கைப் போல் உதவும் பயிர் வேறில்லை.

1845 ஆம் ஆண்டு ஐரோப்பா எங்கும் உருளைக்கிழங்கை ஒரு நோய் தாக்கியது. இலைகள் கறுத்தன, மண்ணுக்குள் கிழங்குகள் அழுகின. கெட்ட காற்றே காரணம் என்று பலர் நம்பினர். பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிரே நோயை உண்டாக்குகிறது என்பதை ஜெர்மானியத் தாவரவியலார் ஆன்டன் டி பாரி 1861 இல் சோதனை மூலம் காட்டினார். பூஞ்சைபோல் தோன்றினாலும் இது உண்மையான பூஞ்சையன்று என்பது இன்றைய அறிவியலின் முடிவு. அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தை விளைவித்ததும் இதுவே.

அடுத்த ஆண்டு ரை விளைச்சலும் பொய்த்தது. 1846–47 குளிர்காலத்தில் வையர்புஷ்ஷைப் பசி சூழ்ந்தது.

ஆணையை மீறிய அதிகாரி

அப்போது அந்தப் பகுதி பிரஷ்ய அரசின் ஆட்சியில் இருந்தது. வையர்புஷ்ஷையும் சுற்றியுள்ள இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்களையும் நிருவகிக்க 1845 இல் ஓர் இளைஞர் மேயராக வந்திருந்தார். அவர் பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன். அருகிலுள்ள ஹாம் என்ற ஊரில் 1818 இல் பிறந்தவர். பீரங்கிப் படையில் பணியாற்றி, கண்நோய் காரணமாக அதை விட்டு விலகியவர்.

பஞ்சத்தைத் தணிக்க அரசு மாவு அனுப்ப முன்வந்தது. ஆனால் ரொக்கப் பணத்துக்கே அதை விற்க வேண்டும் என்பது ஆணை. பசியால் வாடியவர்களிடம் இல்லாத ஒரே பொருள் ரொக்கம்தான்! ரைபைசன் ஆணையை அப்படியே நிறைவேற்றவில்லை. ஏழைகளுக்குக் கடனாகவே மாவைக் கொடுத்தார். வசதியுள்ளவர்களைத் திரட்டி, அவர்கள் பணத்தில் ரொட்டிச் சங்கம் ஒன்றை அமைத்தார். சங்கம் தானியத்தை மொத்தமாக வாங்கியது. ஊரில் ரொட்டிக்கூடம் ஒன்றையும் கட்டியது. ரொட்டியின் விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

அடுப்பின் கணக்கு

பொது அடுப்பு ஏன் சிக்கனமானது? இதற்கு இயற்பியல் விடை தருகிறது.

அக்காலத்து ரொட்டி அடுப்பு செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய ஒரு கவிகை. அதனுள்ளேயே விறகை எரிப்பார்கள். சுவர் நன்றாகச் சூடேறியதும் தணலை வாரி வெளியேற்றிவிட்டு, மாவை உள்ளே வைப்பார்கள். சுவரில் சேமித்து வைத்த வெப்பமே ரொட்டியை வேக வைக்கும்.

சூடேற வேண்டிய செங்கற்கட்டு 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். செங்கல்லின் தன்வெப்பம் நீரினுடையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதன் வெப்பநிலையை 250 பாகை செல்சியஸ் உயர்த்த 50,000 கிலோகலோரி வேண்டும். உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 4,000 கிலோகலோரி கிடைக்கிறது. வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும் பன்னிரண்டரை கிலோ விறகு தேவை. புகையோடு போவதையும் சேர்த்தால் இன்னும் மிகும். இரண்டு ரொட்டி சுட்டாலும் இருபது சுட்டாலும் இந்த முதற்செலவு மாறாது. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்கினால், அடுப்பு ஆறாமல் இருப்பதால் விறகு மிச்சமாகும்.

ஜெர்மானியச் சிற்றூர்கள் பலவற்றில் பொது அடுப்பு ஏற்கெனவே பழக்கமானதுதான். வீடுகளில் தீப்பிடிக்கும் ஆபத்தைக் குறைப்பதும் அதன் நோக்கம். ஆறிய அடுப்பை முதலில் மூட்டுபவருக்கே விறகு அதிகம் செலவாகும். ஆகவே யார் முதலில் என்பதைக் குலுக்கல் மூலம் முடிவு செய்யும் வழக்கமும் இருந்தது.

கொடையிலிருந்து கூட்டுறவுக்கு

1848 இல் ரைபைசன் பிளாமர்ஸ்பெல்டு என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே உழவர்கள் மாடு வாங்கக் கந்துவட்டிக்குக் கடன்பட்டுத் தவித்தனர். அடுத்த ஆண்டு, வசதியுள்ள சுமார் 60 பேர் தங்கள் சொத்துகளைப் பிணையாக்கி ஓர் உதவிச் சங்கம் தொடங்கினர். உழவர்கள் மாட்டின் விலையைத் தவணை முறையில் செலுத்தினர்.

ஆனால் இந்தச் சங்கங்கள் செல்வரின் இரக்கத்தை நம்பியே நின்றன. பஞ்சம் மறந்ததும் இரக்கமும் தளர்ந்தது. பின்னர் ஹெடெஸ்டோர்ப் என்ற ஊரில் அமைத்த அறச் சங்கத்துக்கும் அதே கதி. பல்லாண்டு அனுபவம் ரைபைசனின் கருத்தை மாற்றியது. கடன் பெறுபவர்களே உறுப்பினராகவும், ஒருவருக்கொருவர் பொறுப்பாளிகளாகவும் இருக்க வேண்டும் என்று கண்டார். 1864 இல் ஹெடெஸ்டோர்ப் கடன் சங்கம் இந்த அடிப்படையில் எழுந்தது.

அதன் விதிகள் எளியவை. சங்கத்தின் எல்லை சிறியதாக, எல்லாரும் எல்லாரையும் அறிந்த அளவில் இருக்க வேண்டும். நிருவாகிகளுக்கு ஊதியம் இல்லை. இலாபம் பொது நிதியில் சேரும். ஒருவர் கடனைக் கட்டத் தவறினால் அந்தப் பொறுப்பு எல்லார் தலையிலும் விழும். ஆகவே எவருக்கு, எதற்காகக் கடன் கொடுக்கிறோம் என்பதில் ஊரே கருத்தாக இருந்தது. நகரத்து வங்கி ஏழையிடம் கேட்டது சொத்துப் பிணை. அவனிடம் அது இல்லை. ஆனால் அவன் உழைப்பாளியா, சொல் தவறாதவனா என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும். அந்த அறிவையே ரைபைசன் பிணையாக்கினார்.

பார்வை மங்கிய ரைபைசன் 1865 இல் பணி ஓய்வு பெற்றார். தம் மகள் அமாலியின் துணையோடு எழுதிய நூலை அடுத்த ஆண்டு வெளியிட்டார். 1888 இல் அவர் மறைந்தபோது அவர் வழியிலான சங்கங்கள் ஜெர்மனி முழுதும் பரவியிருந்தன.

சென்னைக்கு வந்த வழி

1892 இல் சென்னை மாகாண அரசு, உழவர் கடன் பிரச்சினையை ஆராயப் பிரெடரிக் நிகல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. 1895, 1897 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது அறிக்கை ரைபைசன் முறையை வற்புறுத்தியது. 1904 இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் அதே ஆண்டு ஒரு வேளாண் கடன் சங்கம் தோன்றியது. 2016 இல் யுனெஸ்கோ, கூட்டுறவு என்னும் கருத்தையும் நடைமுறையையும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

சட்டமும் கட்டடமும் கணக்கேடும் இருந்தால் மட்டும் கூட்டுறவு வந்துவிடாது. உறுப்பினர் ஒருவரையொருவர் அறியாத சங்கத்தில் பொறுப்பு யாருடையதும் இல்லாமல் போகும். ரொட்டி அடுப்பும் அப்படித்தான்: முதலில் மூட்டுபவர், அடுத்தவர் வருவார் என்று நம்பியாக வேண்டும். வையர்புஷ் போன்ற சிற்றூரில் அந்த நம்பிக்கைக்கு இடம் இருந்தது. அங்கிருந்தே ரைபைசன் தொடங்கினார்.