தியேட்டர் வாசலில் ரேம்ப் இருந்தால் போதுமா? வீல்சேரில் வருபவர்களுக்குச் சட்டம் தரும் உரிமை என்ன?

புதுப்படம் பார்க்க நண்பர்கள் கூட்டமாகப் போகிறார்கள். எல்லாரும் படியேறி நடு வரிசையில் உட்கார, வீல்சேரில் வந்தவருக்கு மட்டும் திரைக்கு முன்னால் முதல் வரிசை ஓரம். இரண்டரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து என்னாகும்?

“நாங்க தூக்கிட்டுப் போயிடுறோம் சார்” என்பார்கள் ஊழியர்கள். நல்ல மனசுதான். ஆனால் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவரை நாலு பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போவதை வசதி என்று சொல்ல முடியாது.

தனியார் தியேட்டருக்கும் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். ‘பொதுக் கட்டடம்’ என்றாலே அரசு அலுவலகம் என்று நினைக்கிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதில் அடக்கம். பொழுதுபோக்கு இடங்களையும் சட்டம் குறிப்பிட்டே சொல்கிறது.

விதிகளின்படி கட்டாத புதுக் கட்டடத்துக்கு வரைபட அனுமதியும் கிடையாது, நிறைவுச் சான்றிதழும் கிடையாது. பழைய கட்டடங்களை மாற்ற 5 ஆண்டு அவகாசம். விதிகள் வெளியானது 2017 ஜூனில். கணக்குப் போட்டால் 2022-லேயே கெடு முடிந்துவிட்டது.

மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

அப்புறம் ஏன் எதுவும் மாறவில்லை?

அளவுகள் எல்லாம் வெறும் ‘வழிகாட்டுதல்’ என்ற அளவிலேயே இருந்தன. இது சட்டத்துக்கே முரணானது என்று 2024 நவம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவும் போட்டது.

எப்படி இருக்க வேண்டும்?

ரேம்ப் சரிவு 1:12. அதாவது ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். அரை அடி உயரத்தில் நான்கு படி இருந்தால் 24 அடி! பல இடங்களில் இருப்பதோ பைக் ஏற்றும் சரிவு. அதில் வீல்சேரில் தனியாக ஏறவும் முடியாது, இறங்கினால் கவிழும் ஆபத்தும் உண்டு.

கதவு 900 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். உள்ளே, நடு வரிசைகளிலும் சில இருக்கைகளை எடுத்துவிட்டு வீல்சேருக்கு இடம் விடலாம், பக்கத்திலேயே கூட வருபவருக்கும் ஒரு சீட். பெரிய செலவில்லை. அதிகம் மறக்கப்படுவது கழிவறைதான். உள்ளே வீல்சேர் திரும்ப இடமில்லாததால், படம் முடியும்வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

டிக்கெட் எடுக்கும் முன் போன் செய்து, “ரேம்ப் இருக்கா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். சீட் எந்த வரிசை, லிஃப்ட் அந்தத் தளம் வரை போகுமா, கழிவறைக்குள் வீல்சேர் நுழையுமா என்றும் கேளுங்கள். வசதி இல்லையென்றால் போட்டோ எடுத்து மத்திய அரசின் ‘சுகம்ய பாரத்’ செயலியில் பதிவு செய்யலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் எழுத்து மூலம் புகார் தரலாம்.