ஹிதேந்திரன் என்றொரு பிள்ளை



வகுப்பில் உங்களுக்கு எத்தனையோ ராஜாக்களின் கதை நடத்தினேன். இது நம் காலத்தில், நம் தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் நடந்த வரலாறு. பிள்ளையைப் பறிகொடுத்த என் மாணவர்கள் சிலரை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலியின் மகன் ஹிதேந்திரன், வயது 15, பைக் விபத்தில் சிக்கினான். தலையில் பலத்த அடி. சென்னைக்குக் கொண்டுபோயும் பலனில்லை. மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள்.

கோமாவில் இருப்பவர் மீண்டு வரலாம். மூளைச்சாவில் அதற்கு வழியே இல்லை. கருவியின் உதவியால் மூச்சு ஓடும், கொஞ்ச காலம் இதயமும் துடிக்கும், அவ்வளவுதான். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி 4 மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் 2 முறை சோதித்து இதை உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகும் குடும்பத்தார் சம்மதித்தால்தான் உறுப்புகளை எடுக்கலாம்.

இதெல்லாம் அந்த இரண்டு டாக்டர்களுக்கும் தெரியும். ஆனால் பெற்ற மனசு கேட்குமா? உடம்பில் சூடு இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. அந்த நிலையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள்.

தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போலீஸார் வழி ஒழுங்கு செய்துகொடுக்க, அவன் இதயம் சுமார் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே காத்திருந்தது 9 வயதுச் சிறுமி.

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைத் தானம் பெறும் நடைமுறையை வகுத்து, அதே செப்டம்பரில்தான் தமிழக அரசு ஆணைகள் பிறப்பித்திருந்தது. காகிதத்தில் இருந்த ஆணை, இந்தப் பெற்றோரால் ஊரெல்லாம் பேசும் பேச்சானது. பல குடும்பங்கள் முன்வந்தன. இந்தப் பணிக்கென்றே 2014-இல் ஓர் ஆணையம் அமைந்தது. உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023-இல் முதல்வர் அறிவித்தார்.

இத்தாலியிலும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1994-இல் அங்கே சுற்றுலா போன 7 வயது அமெரிக்கச் சிறுவன் நிக்கோலஸ் கிரீன், கொள்ளையரால் சுடப்பட்டு இறந்தான். அவன் உறுப்புகளைப் பெற்றோர் அந்நாட்டவர் 7 பேருக்குக் கொடுத்தார்கள். அடுத்த பத்தாண்டில் இத்தாலியில் உறுப்பு தானம் மூன்று மடங்கானது.

இதனால் அந்தப் பெற்றோரின் துக்கம் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தீராது. ஆனால் பிள்ளையின் பெயர் செத்துப்போகவில்லை. அதுதான் அவர்களுக்குக் கிடைத்த பிடிமானம் என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் இது வாய்க்காது. மூளைச்சாவு நிகழ்வதே அரிது. உறுப்பைக் கொடுக்க முடியாமல் போன பெற்றோர் அதை நினைத்து நொந்துகொள்ள ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம கடையநல்லூர்ப் பக்கம் துட்டி கேட்கப் போனால், "இன்னொரு பிள்ளை இருக்குல்லா, மனசைத் தேத்திக்கோங்க" என்கிறோம். அதைச் சொல்லாதீர்கள். போன பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். எப்படிச் சிரிக்கும், என்ன விளையாடும் என்று கேளுங்கள். அழுவார்கள்; அழட்டும். பதினாறு கழிந்த பிறகும் போங்கள். அப்போதுதான் அந்த வீட்டில் ஆள் வரத்து இருக்காது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்
கடையநல்லூர்